ஃப்ரிட்ஜில் தூங்கிய சளி

வீட்டம்மாவுக்குக் காய்ச்சல். பன்றிக் காய்ச்சலா என்று பார்க்க ஐந்து நாளுக்கு முன் அரசாங்க ஆஸ்பத்திரியில் தொண்டைச் சளி எடுத்தார்கள். முடிவு வரவில்லை. இன்றும் மாரெட்பள்ளி வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன்.

கவுண்டரில் இருந்தவர் செகந்திராபாத் தமிழர்; பேச்சில் ஊர் உருதுவும் கலந்து வரும். மாஸ்க்கைத் தாடைக்குப் போட்டிருந்தார்.

"நாளைக்கு வாங்க அங்கிள்."

"நாலு நாளா நாளைக்குத்தான் வந்துட்டிருக்கேன் தம்பி. லேபுக்கு என்னைக்கு அனுப்பினீங்க? எழுதிக் குடுங்க. இல்லன்னா தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுவேன். எனக்கு வேற வேலையும் இல்ல."

"மனு கைக்கு அங்கிள், எதுக்கு? நக்கோ, வேணாம். இருங்க, பாக்குறேன்."

ரிஜிஸ்டரைத் திறந்தார். அனுப்பிய தேதிக்கான கட்டம் காலி. எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். மாஸ்க் மூக்குக்கு ஏறியது.

"இங்கயே இருக்கு அங்கிள்."

அங்கேயே நின்று மனு எழுதிக் கொடுத்தேன்.

வீட்டில், தனி அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வீட்டம்மா கேட்டாள்: "என்ன சொன்னாங்க?"

"அரசாங்கம் உன் சளியைக் குளுகுளுன்னு வச்சுப் பாத்துக்குதாம்."

சிரித்தாள். சிரிப்பு இருமலானது. அது நிற்க வெகுநேரம் ஆனது.

மனுவுக்குப் பதில் வர முப்பது நாளாம். இருமல் அதுவரை காத்திருக்குமா என்று எந்தக் கவுண்டரில் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'நாளைக்கு' என்று மட்டும் எழுதாதீர்கள்.