மடியில் இருந்த ரோட்டர்

இன்று சாவகச்சேரிச் சந்தைக்கு முன்னால் முருகேசு அண்ணையின் கார் நின்றுவிட்டது. முன்பு கொக்குவிலில் எங்கள் பக்கத்து வளவுக்காரர். காருக்குள் அவருடைய மனைவி.

“தம்பி, மனுசியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகோணும். உமக்குக் கார் தெரியுமெல்லே, ஒருக்காப் பாரும்.”

என்னை மறக்கவில்லை. மற்றதைத்தான் மறந்துவிட்டார்.

சண்டை நடந்த தொண்ணூற்றொன்றில் அம்மாவுக்கு மூச்சு முட்டியபோது, அவருடைய மொறிஸ் மைனர் காரை நம்பி ஓடினேன். சாவியைத் திருப்பிக் காட்டினார்.

“கேக்குதே? இது ஸ்ராட் வராது தம்பி.”

காரை எவரும் பறித்துக்கொண்டு போகாமலிருக்க, டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் சின்ன ரோட்டரைக் கழற்றி ஒளித்து வைப்பது அன்று கார்க்காரர் வழக்கம். அது இல்லாவிட்டால் எஞ்சின் சுற்றும், பற்றாது. அவர் உடுத்திருந்த சாரத்து மடியை ஒரு கையால் பொத்தியபடியே நின்றார்.

அம்மாவைச் சேலையால் என் முதுகோடு கட்டிச் சைக்கிள் மிதித்தேன். ஆஸ்பத்திரி வாசலில் அவிழ்த்தபோது உயிர் இல்லை.

மறுநாள் செத்தவீட்டுக்கு வந்த சனத்தை அதே காரில் ஏற்றி இறக்கினார். ஊரே மெச்சியது.

இன்று பொனற்றைத் திறந்தேன். பற்றரி முனையில் வெள்ளை பூத்து, வயர் தளர்ந்து கிடந்தது. கையால் திருகினாலே போதும்.

“உது ஸ்ராட் வராது அண்ணை” என்று பொனற்றை மூடினேன். “வேணுமெண்டால் என்ரை சைக்கிளைக் கொண்டு போங்கோ.”

வாகனம் வைத்திருப்பவர்களே, பற்றரி முனையைச் சுடுதண்ணீர் ஊற்றித் துடைத்து, இறுக்கி வையுங்கள். தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள்.

அவருக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.