பை மைசெல்ஃப்

தையல் கூடத்தில் அவருக்குக் காஜாக்காரர் என்றுதான் பெயர். முப்பது வருடமாகச் சட்டைகளுக்குப் பொத்தான் துளை போடுகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம். ஒரே மகளும் கல்யாணமாகிக் கடல் கடந்து போன பிறகு வீட்டில் மிச்சம் அவரும் ரேடியோவும்தான். இரண்டில் பேசுவது ரேடியோ மட்டும்.

மகள் வாரம் ஒருமுறை கூப்பிடுவாள். நல்லா இருக்கேன் என்பாள், சாப்பிட்டீங்களா என்பாள், மாப்பிள்ளையைக் கேட்டால் வேலையாக இருக்கிறார் என்பாள். அதற்குள் அவளுக்கும் வேலை வந்துவிடும். மற்றபடி ஆங்கிலத்தில் குறுஞ்செய்திதான். அலுவலகம் கொடுத்த போனில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியுமாம். காஜாக்காரர் ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிப் பத்துத் தடவை படிப்பார். படித்தும் ஏக்கம் தீராது. அதில் அவள் குரல் இல்லையே.

போன வருடம் ஒரு வரி வந்தது: 'ஐ லிவ் பை மைசெல்ஃப் நவ்.'

அவர் படித்த பள்ளிக்கூடத்தில் 'பை' என்றால் 'ஆல்'. என்னால், உன்னால், அவனால். ஆக, 'இப்போது நான் என்னாலேயே வாழ்கிறேன்.' வெந்நீர் வைக்கத் தெரியாத பெண், யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழ்கிறாள்! மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கூடம் முழுக்கச் சொல்லி மாய்ந்தார். தனக்கும் ஆங்கிலம் வரும் என்று காட்டக் காத்திருந்த கட்டிங் மாஸ்டர், பதிலை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்தார்: 'வெரி குட். என்ஜாய் யுவர்செல்ஃப்.'

அதற்கு மகளிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அவ்வளவுதான்.

இரண்டு வரிக்கு மேல் அவளுக்கு எழுத வேண்டும் என்ற ஆசைதான் இந்த வருடம் அவரை ஞாயிறு காலைகளில் நூலக மாடிக்கு இழுத்துப் போனது. அங்கே பெரியவர்களுக்கு ஆங்கில வகுப்பு. ஐந்தாவது வாரம் 'செல்ஃப்' பாடம். செய்கிற வேலை செய்தவர் மேலேயே திரும்பி விழுந்தால் இந்தச் சொல் வரும் என்றார் டீச்சரம்மா. கத்தி பிடித்த கை தன் விரலையே வெட்டினால், 'ஐ கட் மைசெல்ஃப்.' காஜாக்காரருக்குப் பளிச்சென்று பிடிபட்டது. தன் ஊசியில் தானே குத்திக்கொண்டவர் எத்தனை தடவை! நானே செய்தேன் என்று அழுத்திச் சொல்லவும் அதே மைசெல்ஃப்தானாம். அதுவும் புரிந்தது.

வாக்கியம் சொல்லச் சொன்னதும் முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். மகளின் வரியைச் சொன்னார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

டீச்சரம்மா தலையாட்டினார். "சரியான வாக்கியம் சார். தனியா இருக்கேன், கூட யாரும் இல்லன்னு அர்த்தம்."

காஜாக்காரர் நோட்டை அப்படியே விட்டுவிட்டு மாடிப்படியில் இறங்கி வந்தார். போனை எடுத்தார். மகளைக் கூப்பிட்டார்.

"தனியாவாம்மா இருக்கே?"

"வாயால சொல்ல வரலப்பா. அதான் எழுதினேன்," என்றாள் மகள். "நீங்க வெரி குட்னுட்டீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு இன்னைக்குத்தாம்மா அர்த்தம் தெரிஞ்சுது," என்றார். "இங்க நானும் பை மைசெல்ஃப்தான். நீ வந்துடு."