வண்டியைத் தொட்டால் குழு வெளியே

அந்தப் போட்டி நல்லபடியாக முடிந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எழுதும்போதே எனக்கு வியர்த்துவிடும்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். லாபு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய குடும்பம். ஆனாலும் நாற்பது வயதுக்குள் பகாவில் சொந்தமாக லாரி வொர்க்‌ஷாப் போட்டு ஒன்பது பேருக்கு வேலை கொடுத்தேன்; ஊரில் எல்லாருக்கும் நான் தவுக்கே, அதாவது முதலாளி. அதனால்தான் தொண்ணூறுகளில் எங்கள் தோட்டப் பள்ளியில் ரோபோட் போட்டி என்றதும் தலைமையாசிரியர் அதை நடத்தித் தரச் சொல்லி நேராக என்னிடம் வந்தார்.

ரோபோட் என்றால் பேட்டரியும் சின்ன மோட்டாரும் வைத்த வண்டிதான். பொத்தானை அழுத்தினால் அதன் தகரக் கை ரப்பர் கொட்டையை அள்ளி டின்னில் போட வேண்டும். மூன்று பள்ளிகள் வந்தன. உதவிக்கு எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் ஆறு பேர், எல்லாரும் இருபதுக்குக் கீழே. அவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்று நான் சொல்லச் சொல்லத் தலைமையாசிரியர் எழுதினார். பிள்ளைகளைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசக் கூடாது. சொந்தப் பள்ளிக்குக் கைதட்டக் கூடாது. அவர்கள் வண்டியைத் தொட்டால் அந்த வண்டியின் குழு வெளியே.

கடைசி வரியில் பேனாவை நிறுத்தினார். "புள்ளைங்க என்ன பண்ணும் தவுக்கே, கொஞ்சம் கடுமையா இருக்கே."

"கடுமையா இருந்தாத்தான் கேப்பாங்க, சிக்கு," என்றேன். வாத்தியாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் நாலு பேரின் முறை வந்தது. மேசை அருகே நின்ற பழைய மாணவி செரம்பான் பக்கம் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை செய்பவள். அங்கே சாமான் வரும் பெல்ட் நகர்ந்துகொண்டே இருக்கும். கழன்ற கம்பி கண்ணில் பட்டால் அது கடந்து போவதற்குள் விரல் போய் அழுத்திவிட வேண்டும். வண்டியில் ஒரு கம்பி கழன்றிருந்தது. அவள் விரல் தன்னால் போய் அழுத்திவிட்டது.

ரெம்பாவிலிருந்து வந்த இன்னொரு பள்ளியின் ஆசிரியர் எழுந்தார். "தவுக்கே, தொட்டுடிச்சு லா. ரூல் உங்களுதுதானே?"

அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "புள்ளைங்க கேக்கல அங்கிள். என் கைதான் போச்சு," என்று சொல்லிவிட்டு மண்டபத்தை விட்டு வெளியே நடந்தாள். நாலு பிள்ளைகளும் என்னையே பார்த்தன. மூன்று மாதம் தகரம் வெட்டிய பிள்ளைகள். லாரி எஞ்சினையே தனியாளாக இறக்கிய நான் விதிகள் எழுதிய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

குழுவில் இருந்த ஒரு பெண்பிள்ளை அந்தக் கம்பியைப் பிடுங்கினாள். "இப்ப அக்கா தொடுறதுக்கு முன்ன இருந்த மாதிரி இருக்கு சார். நாங்களே மாட்டிக்கிறோம்."

ரெம்பாவ் ஆசிரியர் குனிந்து கம்பியைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "மாட்டு, மாட்டு. நேரம் ஓடுது, அது உன் பாடு."

மாட்டினார்கள். வண்டி நகர்ந்தது. முதல் கொட்டை டின்னில் டங் என்று விழுந்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. இரண்டாம் இடத்துக்கான கப் கிடைத்தது. எனக்கு அது போதும்.

மறுவருடத்துக்கு அந்த வரியை மாற்றினோம்: தொட்ட உதவியாளர்தான் வெளியே, பிள்ளைகள் இல்லை. அதையும் நான்தான் சொன்னேன். ஆனால் போட்டி நடந்த அன்று, முடிவு சொன்னதும் முதல் வேலையாக அவளைத் தேடி வெளியே போனேன். அவள் சைக்கிள் கொட்டகையில் சுவரைப் பார்த்து நின்றாள்.

"புள்ளைங்களப் போட்டிய விட்டுத் தூக்கிட்டீங்களா அங்கிள்?"

"போய்ப் பாரும்மா, கப்போட நிக்குதுங்க," என்றேன். கழற்றிப் போட்டிருந்த செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.