வேலி மூடுமுன் மில்பாரா ஏரிக்கு

என் மனைவி சுபாவின் விமானம் அடுத்த மாதம் பத்தாந் திகதி மெல்பேர்னில் இறங்குகிறது. மில்பாரா ஏரிக்குப் போகும் வாசலை இந்த மாத முடிவிலேயே பூட்டுகிறார்கள். பன்னிரண்டு வருடம் பொறுத்திருந்த எங்களுக்கு இந்தப் பத்து நாள் குறுக்கே வந்து விழுந்தது. அதனால்தான் போன சனிக்கிழமை அவசரமாகக் கிளம்பினேன்.

விஷயம் இதுதான். ஏரியும் சுற்றியுள்ள புதர்க்காடும் மாநில அரசின் பொதுநிலம். யாரும் போய்க் கூடாரம் அடிக்கலாம், கட்டணமும் இல்லை. இப்போது அதை இராணுவப் பயிற்சிக்கென்று கன்பராவிலுள்ள மத்திய அரசுக்கு மாற்றிக் கொடுக்கிறார்கள். பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். நானும் ஒரு மின்னஞ்சல் போட்டேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது, அவ்வளவுதான்.

இலங்கையிலிருந்து படகில் வந்து, தற்காலிக விசாவோடு பக்கத்துப் பண்ணையில் வேலை செய்த காலத்தில் முதன்முதலாக அந்த ஏரியைப் பார்த்தேன். வெயில் ஏற ஏற இளஞ்சிவப்பாகிற உப்பேரி. படம் எடுத்துச் சுபாவுக்கு அனுப்பி, "நீ வந்தவுடன முதல் இஞ்சதான் கூட்டிக்கொண்டு வருவன்" என்றேன். விசா இழுபட்ட ஒவ்வொரு வருடமும் அதையேதான் சொன்னேன். அவளுடைய போனின் முகப்பில் இன்றும் அந்தப் படம்தான்.

வேலி வரப்போவதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை, வாய் வரவில்லை. ஊரில் அவளுடைய தாய் தகப்பனின் வீடும் காணியும் அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் இராணுவ முகாமுக்குள் போனவை. இன்னும் திரும்பி வரவில்லை. இங்கேயும் அதே கதையா என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

நான் இருக்கும் வெரிபீயிலிருந்து ஏரிக்கு 360 கி.மீ. பக்கத்து வீட்டுச் செந்தில், மதுரைக்காரர், தன் உயரமான வண்டியைக் கொண்டுவந்தார். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு, பல்லாரட் தாண்டி, ஹோர்ஷமில் பெற்றோல் நிரப்பினோம். தண்ணீரையும் அங்கேயே வாங்கிவிடுங்கள், அதற்குப் பிறகு கடை கிடையாது. கடைசி 18 கி.மீ. மண்பாதை.

"அண்ணே, இடுப்பு கழண்டுச்சுன்னா உங்க மேலதான் கேஸ் போடுவேன்" என்றார் செந்தில்.

வாசலில் பாதிக் கம்பங்கள் நட்டாயிற்று. எச்சரிக்கைப் பலகையும் தயார். மாத முடிவு வரைக்கும் அதைக் கறுப்புப் பொலித்தீனால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். உள்ளே போனோம். காலடியில் உப்பு நொறுங்கியது. ஏரி கொஞ்சமும் அழகு குறையாமல் கிடந்தது, அதைப் பார்க்கத்தான் கோபமாக வந்தது. சுபா நிற்க வேண்டிய இடத்தில் செந்தில் நின்று செல்ஃபி எடுத்தார். பாவம், அவர்மேலும் எரிச்சல்பட்டேன்.

திரும்பும்போது, வேலி அடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பிறகு எப்போதாவது உள்ளே விடுவார்களா என்று கேட்டேன். தனக்குக் கம்பம் நடுவது மட்டும்தான் தெரியும் என்றார். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, கிழக்குப் பாதையில் இரண்டு கிலோமீட்டர் போனால் கோதுமை வயலை ஒட்டி ஒரு மேடு இருக்கிறது, அது எல்லைக்கு வெளியே என்று கைகாட்டினார்.

மேட்டில் ஏறியதும்தான் போனுக்கு சிக்னல் கிடைத்தது. உடனே சுபாவின் வீடியோ அழைப்பு. பின்னால் திறந்த சூட்கேஸ். இனியும் மறைக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"அப்ப நான் வந்தா உள்ள விடமாட்டாங்களோ?"

"இல்லையப்பா. ஆமிக்குக் குடுத்திட்டாங்கள்."

"இப்ப எங்க நிக்கிறியள்?"

"வெளியில, ஒரு மேட்டில."

"அங்கயிருந்து தெரியுதோ?"

"ஓம். தூரத்தில." போனைத் திருப்பிக் காட்டினேன். இளஞ்சிவப்பாக ஒரு கோடு.

"வேலிக்கு வெளியில நிண்டு பாக்கிறது எனக்குப் புதுசே?" என்றாள். "இந்தமுறை பக்கத்தில நீங்கள் நிப்பியள். எனக்கு அது காணும்."

செந்தில் வண்டிப் பக்கமாகப் போய்விட்டார். நான் அழுதேன்.

போக நினைப்பவர்களுக்கு: மாத முடிவுக்குள் என்றால் வாசல் வழியே போங்கள். நண்பகலுக்குப் பிறகுதான் நிறம் நன்றாக ஏறும். மாதம் முடிந்த பிறகு என்றால் அந்த மேடுதான், தொலைநோக்கி கொண்டுபோங்கள். மேட்டில் ஒரு வண்டிக்குத்தான் இடம். பத்தாந் திகதிக்கு அடுத்த சனிக்கிழமை மட்டும் தயவுசெய்து அந்த இடத்தை எங்களுக்கு விட்டுவையுங்கள்.