ஒற்றை மணிக்கு யார் போவது?

அன்று அலுவலகத்தில் இருந்தவர்கள்: நான், என் மேலதிகாரி, துப்புரவு வேலை செய்யும் அக்கா. இல்லாதவர்கள்: கூட்டத்துக்குப் போயிருந்த இயக்குநரும், ஓய்வு பெற்றுவிட்ட பியூனும். பியூன் இல்லாததுதான் வினையாகிவிட்டது.

கிள்ளானில் எங்கள் அரசாங்க அலுவலகம் வெள்ளைக்காரன் கட்டிய கட்டடம். அவன் விட்டுப்போன பித்தளைக் கைமணி ஒன்று மேலதிகாரியின் மேசையில் இருக்கும். ஒரு முறை ஆட்டினால் பியூன் வர வேண்டும். இரண்டு முறை ஆட்டினால் குமாஸ்தாவான நான். பியூன் வேலையையே எடுத்துவிட்டார்கள். மணியின் சட்டத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. திங்கட்கிழமைக்குள் மேலதிகாரி அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். அம்மா அதற்குள் அடுக்குமாடி முழுக்க “மவன் கவர்மெண்டு ஆபீசரு” என்று சொல்லி முடித்திருந்தார். ஆகவே விதிப்படி நடப்பதில் நான் கறாராக இருந்தேன்.

மணி ஒரு முறை அடித்தது. நான் எழவில்லை. அக்கா துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தார்.

“ஒண்ணு எனக்கில்ல தம்பி. நான் காண்ட்ராக்ட்டு.”

வெகு நேரம் கழித்து மறுபடியும் ஒன்று. பிறகு மணியும் கையுமாக மேலதிகாரியே தன் அறை வாசலுக்கு வந்துவிட்டார்.

“காது அவுட்டா? ரெண்டு தடவ அடிச்சேன்லா!”

“அது ஒரு ஒண்ணு, அப்புறம் இன்னொரு ஒண்ணு சார்.”

“கூட்டினா எவ்ளோ?”

“நடுவுல நீங்க ஒரு போன் பேசி முடிச்சீங்க சார்.”

“ஆமா பாஸ், நீளமான போனு,” என்றார் அக்கா.

“படிச்ச திமிரு! இந்தா பாரு, ரெண்டு!” என்று ஓங்கி ஆட்டினார். முதல் ஆட்டிலேயே பிடி கழன்றது. மணி பறந்துபோய், எதிரே திறந்து கிடந்த அறையில் இயக்குநர் சொந்தக் காசில் ஆசையாக வாங்கிப் போட்டிருந்த மேசைக் கண்ணாடியில் இறங்கியது.

‘ஒண்ணுதான் சார்’ என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

“தம்பி,” என்றார். குரலில் மேலதிகாரியைக் காணோம். “திங்கக்கிழம டைரக்டர் வந்துருவாருலா. ஏன் ஒடஞ்சதுன்னு கேட்டா என்னத்த சொல்றது?”

“என் கன்பர்மேஷனும் போயிரும் சார். சுங்கை வேயில ஒரு கண்ணாடிக் கடை தெரியும்.”

சனிக்கிழமை அவர் காரிலேயே போனோம். திரும்பும்போது பின்னிருக்கையில் நான் கண்ணாடியைக் கட்டிப்பிடித்திருந்தேன். ஒவ்வொரு மேட்டிலும் அவர் “மெல்ல, மெல்ல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓட்டினார். பொருத்தி முடித்ததும் அதன் மேலேயே என் தாளை வைத்துப் பேனாவை எடுத்தார்.

“அழுத்தாம போடுங்க சார்.”

போட்டார். கண்ணாடிக்கு இருநூற்று நாற்பது ரிங்கிட், டோலுக்கு நாலு. ஆளுக்கு நூற்று இருபத்திரண்டு.