சத்தம் குறைஞ்ச துவக்கு

இவருக்கு முயல் வேட்டைக்குப் போகவேணுமாம். பாரிசில ரூ காய் எண்ட தெருவில நான் வேலை செய்யிற மளிகைக் கடைக்கு வந்து, வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில நிண்டுதான் அதைச் சொன்னார். வீட்டில சொல்லப் பயம். சனம் நிக்கிற இடத்தில நான் கத்தமாட்டன் எண்டு மனுசனுக்குத் தெரியும். இருபத்திநாலு வருசம் என்னோடை குடும்பம் நடத்தினவருக்கு அவ்வளவு புத்தியாவது வந்திருக்கத்தானே வேணும்.

இவர் ஒரு பிரெஞ்சு ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவப் போய், இப்ப மரக்கறி வெட்டிற அளவுக்கு ஏறியிருக்கிறார். அங்கத்தைய பெரிய சமையற்காரர் ஒரு வெள்ளைக்காரர், நல்ல மனுசன். ஒவ்வொரு வருசமும் வேட்டைக் காலம் தொடங்கினால் எங்கள் ரெண்டுபேரையும் தன்ரை ஊருக்கு வரச் சொல்லுவார். ஆம்பிளையள் தோட்டக்கரையில முயல் பிடிக்க, பொம்பிளையள் பக்கத்து வீட்டில சமைக்கிறதாம். இவர் ஒவ்வொரு வருசமும் ஒரு சாட்டுச் சொல்லுவார். மகள் லியோனுக்குப் படிக்கப் போனதுக்குப் பிறகு, பாரிசுக்கு வெளியில, எங்கடை செவ்ரான் வீட்டில ஐஞ்சாம் மாடி யன்னலால கார் நிப்பாட்டிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறதுதான் இவற்றை ஞாயிற்றுக்கிழமை. பிரான்சுக்கு வந்து இந்த மனுசன் தனக்கெண்டு வாய்விட்டுக் கேட்டது இந்த ஒண்டைத்தான்.

அந்தச் சாட்டுக்கெல்லாம் காரணம் நான். வன்னியில சண்டையின்ரை கடைசி மாதங்களை நாங்கள் ஷெல்லுக்குப் பயந்து பங்கர்க் கிடங்குக்குள்ளதான் கழிச்சனாங்கள். ஜூலை பதினாலு, பிரான்சின்ரை தேசிய நாள் வாணவேடிக்கைக்கு ஊரே வெளியில நிக்க, நான் குளியலறையில பைப்பைத் திறந்துவிட்டிட்டு நிலத்தில இருப்பன். லா ஷப்பல் தேர்த் திருவிழாவில ஆயிரம் தேங்காய் உடைச்சாலும் எனக்கு ஒண்டும் செய்யாது. வெடிச் சத்தம் எண்டால் மட்டும் கைகால் என்ரை சொல்லுக் கேளாது. இது தெரிஞ்சுதான் இவர், "நீர் வராட்டி நானும் போகன்" எண்டு நிண்டார்.

ஆனால் எனக்குத் தெரியாமல் பெர்மி, அதுதான் வேட்டைக்கான அனுமதிப் பத்திரம், எடுத்து வைச்சிருந்தார். டொக்ரரிட்டைக் கடிதம், பிரெஞ்சில எழுத்துச் சோதினை, எல்லாம் முடிச்சாச்சு. வீட்டு வாடகைப் பத்திரம் நிரப்பவே என்னைக் கூப்பிடுற மனுசன். அண்டைக்கு எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. கோவத்துக்குள்ள கொஞ்சம் பெருமையும் கிடந்தது, அதை நான் காட்டேல்லை. சரி, போய்ப் பாப்பம் எண்டு மட்டும் சொன்னன்.

துவக்குக் கடையில மலிவா இருந்தது பழைய ரெட்டைக்குழல், பன்னிரண்டாம் காலிபர். இஞ்சை பாதி ஊரிட்டை அது கிடக்காம், அதால முந்நூறு யூரோவுக்குள்ளேயே வாங்கலாமாம். முயல் ஓடேக்கை சுடுறதுக்கு அதுதான் தோது எண்டு சமையற்காரரும் சொன்னார். வாங்க முதல் தன்ரையைச் சுட்டுப் பாருங்கோ எண்டு எங்களைத் தங்கடை சுடுகழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

நாங்கள் கதவடியில கால் வைக்க, உள்ளுக்கை ஆரோ ஒருத்தர் அந்தப் பன்னிரண்டாம் காலிபரால சுட்டார். அவ்வளவுதான். கண்ணைத் திறந்து பார்க்க நான் சரளைக்கல்லில குப்புறக் கிடக்கிறன். வாய் திறந்திருக்கு, முழங்கை நெஞ்சுக்குக் கீழ, கை காதைப் பொத்தியிருக்கு. செவிப்பறை வெடியாமல் இருக்க வாயைத் திறக்கவேணும் எண்டு பங்கருக்குள்ள பழகினது. என்ரை முதுகில ஒரு பாரம். துவக்கு வாங்க வந்த மனுசன் என்னைப் பொத்திக்கொண்டு எனக்கு மேல கிடக்கிறார். இவற்றை நெஞ்சு அடிக்கிறது என்ரை முதுகில கேட்டது.

சமையற்காரர் ஓடிவந்து, ஆருக்கும் காயமோ எண்டு கேட்டார். பிறகு விளங்கியிருக்கவேணும், எங்களை ரெயிலடியில கொண்டுவந்து விட்டார். ரெயிலுக்குள்ள என்ரை உள்ளங்கையில குத்தியிருந்த கல்லை இவர் ஒவ்வொண்டா எடுத்தார்.

"விடுமப்பா," எண்டார். "எனக்கு முயலும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

அதைச் சொன்ன விதம்தான் எனக்குப் பொறுக்கேல்லை. கோவப்பட்டுச் சொல்லியிருந்தால் நானும் சண்டை பிடிச்சிருப்பன். இவர் கோவப்படேல்லை, திரும்ப அந்த யன்னலடிக்குப் போகத் தயாராகிவிட்டார். எனக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறிட்டுது. ஆர் உங்களை விடச் சொன்னது, விழுந்தது நான், எழும்பினதும் நான், அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போறம் எண்டு சொல்லிப்போட்டன். முன்னால இருந்த மனுசி பேப்பரைப் பதிச்சுப்போட்டு எங்களைப் பார்த்தா. பார்க்கட்டும்.

சனிக்கிழமை கடைக்காரரிட்டை நான்தான் கதைச்சன். என்ரை பிரெஞ்சு கடைத்தெருப் பிரெஞ்சு, அது போதும். இருக்கிறதுக்குள்ள எது சத்தம் குறைவு, விலையும் குறைவு எண்டு கேட்டன். எல்லாரும் எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு பலம் எண்டுதான் கேக்கிறவையாம். அவர் என்ரை முகத்தை ஒருக்காப் பார்த்திட்டு, ஏனெண்டு கேளாமல் மூண்டு துவக்கை எடுத்து வைச்சார். மூண்டுக்கும் பேர் காலிபர் இலக்கம்தான். பதினேழு நேரா வேகமாப் போகும், ஆனால் ரவை காத்தைக் கிழிச்சுக்கொண்டு வெடிக்கும், ரவைப் பெட்டியும் விலை. இருபத்திரண்டு மாக்னம் கிட்டத்தில பட்டால் இறைச்சி பாழ், சத்தமும் கூட. சாதாரண இருபத்திரண்டுதான் மலிவு. அதுக்கு மெதுவாப் போற ரவை போட்டு, நுனியில சத்தம் அடக்கிற குழாயைப் பூட்டினால், பெரிசாக் கேளாதாம். ஒரு குறைதான். முயலுக்கு ஐம்பது மீற்றருக்குள்ள போகவேணும், முயல் அசையாமல் இருக்கவேணும், பின்னால மண்மேடு இருக்கவேணும், தவறின ரவை ஒரு கிலோமீற்றருக்கு மேலையும் போகுமாம்.

கிட்டப் போறது எங்களுக்குப் பிரச்சினையில்லை, பதுங்கப் பழகின ஆக்கள் எண்டு சொன்னன். இவர் என்ரை காலை மிதிச்சார்.

பிடி கீறுப்பட்ட ஒரு பழைய இருபத்திரண்டு, ஒவ்வொரு ரவையா ஏத்துறது, சத்தம் அடக்கிற குழாயும் சேர்த்து ரெட்டைக்குழலை விட மலிவா வந்தது. சமையற்காரர் தங்கடை வேட்டைச் சங்கத்தில கேட்டார். முயல் வளை இருக்கிற மண்மேட்டுப் பக்கம் பார்த்துத்தான் சுடலாம், மற்றப்படி தடையில்லை எண்டு சொல்லிச்சினமாம்.

மிச்சம் இருந்தது ஒண்டுதான். அதின்ரை சத்தத்தை நான் தாங்குவனோ எண்டது. தாங்காட்டி ரெண்டுபேரும் போகமாட்டம், துவக்கைத் திருப்பிக் குடுக்கிறதெண்டு பேச்சு. திரும்பவும் சுடுகழகம். வேற ஆக்கள் இல்லாத நேரமாப் பார்த்துச் சமையற்காரர் கூட்டிக்கொண்டு போனார். சுடமுதல் எனக்குச் சொல்லாதேங்கோ, சொன்னால் நான் முதலே விழுந்திடுவன் எண்டு இவரிட்டைச் சொல்லிவிட்டிட்டு, நான் சுவருக்கு மற்றப்பக்கம் போய் நிண்டன். ரெண்டு கையையும் செங்கல்லில ஊண்டிக்கொண்டு, பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டன். உள்ளுக்கை ஆரோ குறிபாக்கிற கடதாசியைப் பலகையில குத்துறமாதிரி டக், டக் எண்டு கேட்டது. ஒரு கடதாசியைக் குத்த இவ்வளவு நேரமோ எண்டு எனக்குக் கோவம் ஏறிக்கொண்டு வந்தது. சுடுறதெண்டால் சுட்டுத் தொலைக்கவேண்டியதுதானே, ஏன் மனுசியைப் போட்டு வதைக்கிறார்.

இவர் சுவரைச் சுத்தி வந்தார். கண் கலங்கியிருந்தது.

"இன்னும் தொடங்கேல்லையே?" எண்டு பாய்ஞ்சன்.

கையில இருந்த கடதாசியை நீட்டினார். அதில ஐஞ்சு ஓட்டை இருந்தது.

"முடிஞ்சுதப்பா," எண்டார்.

நான் அந்தக் கடதாசியை முகத்தில பொத்திக்கொண்டு அழுதன். நல்லா அழுதன், சமையற்காரர் நிக்கிறார் எண்டும் பாராமல். பிறகு மூக்கைச் சிந்திப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை எத்தினை மணி ரெயிலுக்குப் போறம் எண்டு கேட்டன்.