நட்டைத் திருகச் சொன்னது நான்

மும்பை செம்பூரில் எங்கள் கட்டட பார்க்கிங்கில், காரின் உயரத்தைக் குறைக்க என் மகன் கார்த்திக் குட்டை ஸ்பிரிங் மாட்டிக்கொண்டிருந்தான். பழைய ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் தாராவியிலிருந்து வரவேண்டியிருந்தது. எனக்குப் பொறுமையில்லை.

"அதான் கார்லேர்ந்து கழட்டியாச்சேடா, இனிமே அதுல என்ன அழுத்தம்? ஸ்பிரிங்கைப் பிடிச்சிருக்கிற மேல் நட்டைத் திருகிக் கழட்டு" என்றேன். குனிந்து திருகினான்.

"க்யா ஹீரோ, இது பார்க்கிங்கா, கேரேஜா?" என்று பின்னாலிருந்து குடியிருப்பு சொசைட்டி செக்ரட்டரி கத்தினார். கார்த்திக் கையை எடுக்காமல் தலையை மட்டும் பின்னால் சாய்த்துத் திரும்பிப் பார்த்தான். நட்டு கழன்றது. ஒரு நொடி முன் அவன் முகம் இருந்த இடத்தின் வழியாக ஸ்பிரிங் பாய்ந்து, கூரையில் மோதி விழுந்தது.

"வெளிய எடுத்தாலும் அழுத்தம் இருக்கும்னு தெரியும்பா. நீங்க சொன்னீங்களேன்னுதான்..." என்றான்.

இன்றும் அந்தச் சத்தம் கேட்டு விழித்துக்கொள்கிறேன். தெரியாத வேலையில் இப்போது நான் வாய் திறப்பதில்லை. அவனிடமும் சொல்லிவிட்டேன்: "தப்புன்னு தெரிஞ்சா, அப்பா சொன்னாலும் கேட்காதே."